“என் உடம்பே என் குழந்தையை நிராகரித்ததா?”: நஞ்சுக்கொடியும் நோயெதிர்ப்பும் குறித்து ஒரு விரிவான பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. வயது முப்பத்தொன்று. சென்ற ஆண்டு எட்டாவது வாரத்தில் ஒரு கருவை இழந்தார். இந்த ஆண்டு இதயத் துடிப்பை இரண்டு முறை திரையில் பார்த்த பிறகு, பதினோராவது வாரத்தில் இன்னொரு கருவை இழந்தார். அவர் பார்த்த ஒரு தனியார் மருத்துவர், “உங்கள் நோயெதிர்ப்பு சக்தி கூடுதல், அது கருவை அந்நியப் பொருளாக நினைத்து நிராகரிக்கிறது” என்று சொல்லி, இரத்தத்தில் உள்ள கொல்லி உயிரணுக்களை எண்ணும் சோதனைக்கும், அடுத்த கர்ப்பத்தின்போது நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்புக் கரைசலுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கணவர் சொந்த அத்தை மகன் என்பதால் ‘இரத்தம் ஒத்துப்போகவில்லை’ என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மாமியார், அன்னாசிப்பழம் தின்றதால்தான் என்கிறார். இத்தனைக்கும் நடுவில் அவர் கேட்பது ஒன்றுதான்: என் உடம்பே என் குழந்தையைக் கொன்றுவிட்டதா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளுக்கும் கருச்சிதைவுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. அதைப் பற்றிக் கடந்த சில ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டது ஏராளம். ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட வடிவத்தில் அந்தத் தொடர்பு இல்லை. பினாங்கில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தவள் நான். உங்கள் மருத்துவரின் இடத்தில் நின்று சிகிச்சை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தத் திசுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

நஞ்சுக்கொடி யாருடையது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பலரும் அதைத் தாயின் உறுப்பு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது குழந்தையின் உறுப்பு. கருத்தரித்த ஒரே உயிரணுவிலிருந்து குழந்தையும் வளர்கிறது, நஞ்சுக்கொடியும் வளர்கிறது. எனவே அதன் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. தமிழில் நாம் அதற்கு ‘நஞ்சு’ என்று பெயர் வைத்தோம், பிள்ளை பிறந்ததும் அது முழுதாக வெளியே வராவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் இருக்கலாம். நம் ஊர் மலாய்க் குடும்பங்களோ பிரசவம் முடிந்ததும் அதை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிச் சென்று, கழுவி, துணியில் சுற்றி, மரியாதையோடு புதைக்கிறார்கள். குழந்தையின் உடன்பிறப்பைப் போல அதைக் கருதும் வழக்கம் அது. உடற்கூற்று நோக்கில் பார்த்தால் அந்த வழக்கம் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது: கர்ப்பப்பைக்குள் நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளைக் கேட்பதும் பேசுவதும் தாயின் உடல் மட்டுமல்ல, குழந்தையின் பக்கத்து உயிரணுக்களும்தான்.

‘நிராகரிப்பு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1953ஆம் ஆண்டில் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஒரு கேள்வியை எழுப்பினார். இன்னொருவருடைய தோலை ஒட்டவைத்தால் உடல் அதைச் சில நாள்களில் உதறிவிடுகிறது. பாதி அந்நியமான கருவை மட்டும் தாயின் உடல் எப்படி ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறது? மிக நல்ல கேள்வி. அந்நியத் திசுவை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகுவது பற்றிய கண்டுபிடிப்புக்காக 1960இல் மெக்ஃபர்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எழுப்பிய கேள்வி என்பதால், அடுத்த ஐம்பது ஆண்டுகள் கருப்பையை எல்லோரும் ஒரு மாற்று அறுவைச் சிகிச்சைக்கூடம் போலவே பார்த்தார்கள். கரு நிலைத்தால் ‘ஏற்பு’, நிலைக்காவிட்டால் ‘நிராகரிப்பு’. உங்களிடம் அந்த மருத்துவர் சொன்ன வாக்கியம் அந்தக் காலத்து உவமையின் எச்சம்.

அந்த உவமை பொருந்தாத இடம் நஞ்சுக்கொடியின் மேற்பரப்பிலேயே தெரிகிறது. நஞ்சுக்கொடியின் கட்டுமான உயிரணுக்களை ட்ரோஃபோபிளாஸ்ட் என்கிறோம். அவற்றில் ஒரு பகுதி ஒன்றோடொன்று உருகி இணைந்து, இடையே சுவரே இல்லாத ஒற்றைப் படலமாகி, தாயின் இரத்தத்தில் நேரடியாக நனைகிறது. உணவும் உயிர்வளியும் அதன் வழியாகத்தான் உள்ளே போகின்றன. மாற்று உறுப்பை உடல் அடையாளம் காணப் பயன்படும் எச்.எல்.ஏ. எனப்படும் குறிகள் அந்தப் படலத்தில் இல்லை. அதாவது, தாயின் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் பிடித்துக் கேள்வி கேட்பதற்கான அடையாள அட்டையே அந்த முகப்பில் மாட்டப்படவில்லை. இன்னொரு வகை ட்ரோஃபோபிளாஸ்ட், நஞ்சுக்கொடியை விட்டு வெளியேறித் தாயின் கருப்பைச் சுவருக்குள் நுழைகிறது. அதில் எச்.எல்.ஏ. குறிகள் உண்டு, ஆனால் வழக்கமான ஏ, பி வகைகள் இல்லை. சி, ஈ, ஜி என்ற மூன்றும்தான் இருக்கின்றன. இவற்றில் ஜி என்பது பெரும்பாலும் இந்த உயிரணுக்களுக்கே உரியது; ‘அமைதியாக இரு’ என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லும் குறி அது.

எதிரில் இருப்பவர் யார் என்பதுதான் உங்களைப் பயமுறுத்திய பகுதி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் இருக்கும் வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ‘இயற்கைக் கொல்லி’ வகையைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டதும் மனம் நடுங்குவது இயல்பு. இரத்தத்தில் சுற்றும் அவற்றின் உறவினர்கள் வைரஸ் புகுந்த உயிரணுக்களைக் கொல்வதால் வந்த பெயர் அது. கருப்பையில் உள்ளவை கொல்லும் வேலையை அரிதாகவே செய்கின்றன. அவற்றின் முக்கிய வேலை, கருப்பையின் சுருள் தமனிகளைத் தளர்த்தி அகலமாக்கி, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தடையின்றி வர வழி செய்வது. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முதல் மூன்று மாதத்துக் கருப்பை-நஞ்சுக்கொடி எல்லையிலிருந்து ஏறக்குறைய 70,000 உயிரணுக்களைத் தனித்தனியாகப் படித்து, அங்கே இந்த வகையிலேயே மூன்று உட்பிரிவுகள் இருப்பதையும், அவை ட்ரோஃபோபிளாஸ்ட்டோடு பேசி அழற்சியை அடக்கும் விதத்தையும் காட்டியது.

இன்னும் ஒரு படி போனால் நிராகரிப்பு உவமை தலைகீழாகவே மாறிவிடுகிறது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட்டின் குழு 2004இலும் 2010இலும் வெளியிட்ட ஆய்வுகள், தாயின் கொல்லி உயிரணுக்களில் உள்ள கே.ஐ.ஆர். என்ற உணர்வான்களையும் (சமிக்ஞையைப் பெறும் புரதங்களையும்) கருவின் எச்.எல்.ஏ.-சி குறியையும் சேர்த்துப் பார்த்தன. தாயிடம் தடுக்கும் உணர்வான்கள் மட்டுமே பெரும்பாலும் இருந்து, கரு சி2 என்ற வகைக் குறியைக் கொண்டிருந்தால், கர்ப்பகால இரத்த அழுத்த நோயும் தொடர் கருச்சிதைவும் கூடுதலாகக் காணப்பட்டன. தூண்டும் உணர்வான்கள் இருந்த தாய்மாருக்கு அது ஒரு பாதுகாப்பாக அமைந்தது. அதாவது, தாயின் நோயெதிர்ப்பு ‘கூடுதலாக’ வேலை செய்ததால் சிக்கல் வரவில்லை. அது போதிய அளவு ஈடுபடாததால்தான் தமனிகள் சரியாக அகலவில்லை. இதை அறிந்த பிறகு, ‘எதிர்ப்பு சக்தி கூடுதல், ஆகவே அடக்க வேண்டும்’ என்ற சிகிச்சைத் தர்க்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்: அபாயச் சமிக்ஞை குழந்தையின் பக்கத்திலேயே ஒலிக்கும்போது என்ன ஆகிறது?

வைரஸ் ஒன்று உயிரணுவுக்குள் நுழைந்தால், அந்த உயிரணு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடுகிறது. அண்டை வீட்டுக்காரர்கள் கதவுகளைத் தாழிட்டுக்கொள்ள அது எச்சரிக்கை. நல்ல ஏற்பாடுதான், அது இல்லாவிட்டால் சாதாரண சளிக்காய்ச்சலே நம்மைச் சாய்த்துவிடும். ஆனால் வீடு இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாக் கதவுகளையும் தாழிட்டால் கொத்தனார் உள்ளே வர முடியாது. நஞ்சுக்கொடியில் இதுதான் நடக்கிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் அக்கிகோ இவாசாக்கியின் ஆய்வகம் 2018இல் எலிகளில் காட்டியது. அந்த ஆய்வின் அமைப்பு அழகானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் வகை இன்டர்ஃபெரானைக் கேட்கும் உணர்வான் இல்லாத தாய் எலியை, அந்த உணர்வானின் ஒரு பிரதியை மட்டும் கொண்ட ஆண் எலியுடன் சேர்த்தார்கள். இதனால் ஒரே கருப்பையில், ஒரே தாயிடம், இரண்டு வகைக் குட்டிகள் வளர்ந்தன: இன்டர்ஃபெரானைக் கேட்கக்கூடியவை, கேட்க முடியாதவை. பிறகு தாய்க்கு ஸிக்கா வைரஸைத் தொற்ற வைத்தார்கள்.

கேட்க முடியாத குட்டிகளின் நஞ்சுக்கொடியில் வைரஸ் கூடுதலாகப் பெருகியது. எதிர்பார்த்ததுதான். ஆனால் அவை தொடர்ந்து வளர்ந்தன. கரைந்து மறைந்தவை, இன்டர்ஃபெரானைக் கேட்டு வைரஸை ஓரளவு கட்டுப்படுத்திய குட்டிகள்தான். அவற்றின் நஞ்சுக்கொடியில், தாயின் இரத்தமும் குட்டியின் இரத்தமும் நெருங்கி வரும் பின்னலான பகுதி சரியாக உருவாகவே இல்லை. இந்த முடிவை முதலில் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தாய் இங்கே எதையும் நிராகரிக்கவில்லை. அந்தத் தாய் எலியின் உடலில் சமிக்ஞையைக் கேட்கும் உணர்வானே இல்லை. வைரஸ் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, கூடுதல் வைரஸ் இருந்த குட்டிகள்தானே பிழைத்தன. கருவின் சொந்த உயிரணுக்கள் ஓர் அபாய அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்ததால் கட்டுமானம் நின்றுபோனது.

ஸிக்கா நமக்குத் தூரத்து விஷயம் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1947இல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வைரஸ், 1966இல் நம் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே கொசு பரப்பும் டெங்கியும் கருச்சிதைவோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. எனவே கர்ப்பத்தின் தொடக்கத்தில் கொசுக்கடியைத் தவிர்ப்பது, காய்ச்சல் வந்தால் ‘தானே போய்விடும்’ என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரைப் பார்ப்பது ஆகிய இரண்டும் பினாங்கில் வாழும் கர்ப்பிணிக்கு அன்னாசிப்பழத்தை விலக்குவதைவிடப் பல மடங்கு முக்கியம்.

கட்டுமானம் ஏன் நின்றது? இதற்கான விடைகளில் ஒன்று அடுத்த ஆண்டே வந்தது. நஞ்சுக்கொடி உயிரணுக்கள் உருகி இணைந்து ஒற்றைப் படலமாகின்றன என்றேன் அல்லவா? அந்த இணைப்பைச் செய்வது சின்சிடின் என்ற புரதம். 2000ஆம் ஆண்டில் அதன் பிறப்பிடம் தெரியவந்தபோது உயிரியல் உலகமே வியந்தது: சில கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரைத் தொற்றி, அவர்களுடைய மரபணுத்தொகுதியிலேயே தங்கிவிட்ட ஒரு ரெட்ரோ வைரஸின் உறைப்புரதம் அது. வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்திய சாவியைக் கொண்டு நஞ்சுக்கொடி தன் உயிரணுக்களை ஒன்றாக இணைக்கிறது. இப்போது இன்டர்ஃபெரானை நினைத்துப் பாருங்கள். அது தூண்டிவிடும் காவலர்களில் ஐஃபிட்டம் என்ற புரதக் குடும்பம் ஒன்று உண்டு. வைரஸின் உறை உயிரணுவின் தோலோடு கலப்பதைத் தடுப்பது அதன் வேலை. வைரஸின் சாவிக்கும் சின்சிடினின் சாவிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. 2019இல் பிரான்ஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், ஐஃபிட்டம் புரதங்கள் சின்சிடின் செய்யும் இணைப்பைத் தடுத்துவிடுவதைக் காட்டினார்கள். இன்டர்ஃபெரானைத் தூண்டும் ஒரு பொருளைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது நஞ்சுக்கொடி சிதைந்து கருக்கள் கரைந்தன. ஐஃபிட்டம் மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளில் அப்படி நிகழவில்லை.

அப்படியானால் நஞ்சுக்கொடி வைரஸிடமிருந்து எப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது? அதற்கு வேறொரு வழி இருக்கிறது. மூன்றாம் வகையான லாம்டா இன்டர்ஃபெரானை அது, தொற்று எதுவும் இல்லாதபோதும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது என்று 2016இல் கேரலின் கோயினின் குழு மனித நஞ்சுக்கொடி உயிரணுக்களில் கண்டது. யேல் ஆய்விலும், மனித நஞ்சுக்கொடித் துண்டுகளின் வடிவத்தைக் குலைத்தது முதல் வகை மட்டுமே, மூன்றாம் வகை அல்ல. ஒரே குடும்பத்துச் சமிக்ஞைகள்தான். ஒன்று காவல் காக்கிறது, மற்றொன்று எல்லை மீறினால் கட்டடத்தை நிறுத்துகிறது.

இவற்றில் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வகத் தட்டுகளிலும் கண்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எலியின் நஞ்சுக்கொடியும் மனித நஞ்சுக்கொடியும் அமைப்பில் வேறுபட்டவை. தண்டுவட மரப்பு நோய்க்காக (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்டுக்கொண்ட நிலையில் கருவுற்ற பெண்களின் பதிவேடுகளில் கருச்சிதைவு கூடியதாகத் தெரியவில்லை; ஆகவே சமிக்ஞை இருந்தாலே கேடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே, எந்த வாரத்தில், எவ்வளவு என்பதுதான் முக்கியம். தடுப்பூசி குறித்தும் இதே பயம் பலருக்கு உண்டு. ஃபுளூ, கோவிட் தடுப்பூசிகள் கருச்சிதைவைக் கூட்டுவதில்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனிதர்களில் தெளிவாக நிறுவப்பட்ட, சிகிச்சையும் உள்ள ஒரு நோயெதிர்ப்புக் காரணம் இருக்கிறது. உங்கள் கதையைப் படித்தபோது என் மனம் முதலில் போனது அங்கேதான். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி என்று அதற்குப் பெயர். சிலருடைய உடல், பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் பீட்டா-2 கிளைகோபுரதத்துக்கு எதிராக எதிர்ப்பான்களை (ஆன்டிபாடிகளை) உருவாக்குகிறது. இவை இரத்தத்தை உறையச் செய்வதால் நஞ்சுக்கொடியின் நாளங்கள் அடைத்துக் கரு இறக்கிறது என்றுதான் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது படித்தோம். ஆனால் இப்படி இழந்த கர்ப்பங்களின் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், பலவற்றில் தேடினாலும் உறைகட்டி கிடைப்பதில்லை. காரணம் பிறகு விளங்கியது. ட்ரோஃபோபிளாஸ்ட் உயிரணுக்களின் மேற்பரப்பில் அந்தக் கிளைகோபுரதம் இயல்பாகவே இருக்கிறது. எதிர்ப்பான் அதன் மேல் அமர்ந்ததும், பாக்டீரியாவை உணர்வதற்காக உயிரணுவில் இருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வான் விழித்துக்கொள்கிறது. உள்ளே யூரிக் அமிலம் கூடுகிறது. இன்ஃபிளமசோம் என்ற அழற்சி இயந்திரம் முடுக்கப்பட்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலிய அழற்சிப் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. யேலில் விக்கி ஏப்ரஹாம்ஸின் குழு படிப்படியாக விளக்கிய பாதை இது. பாக்டீரியா ஏதும் இல்லாதபோதே, இருப்பதாக எண்ணி நஞ்சுக்கொடி அபாய மணியை அடிக்கிறது. தாயின் எதிர்ப்பான் தொடக்கப் பொறிதான். தீ பற்றுவது குழந்தையின் பக்கத்து உயிரணுக்களில்.

சிகிச்சையும் இதே கதையைச் சொல்கிறது. 1997இல் லண்டனில் வெளியான ஆய்வில், தொடர் கருச்சிதைவும் இந்த எதிர்ப்பான்களும் கொண்ட 90 பெண்களில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. ஹெப்பாரின் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து என்பதால் பழைய விளக்கம் சரியென்றே தோன்றியது. 2004இல் நியூயார்க்கில் கில்லர்மினா ஜிரார்டியும் ஜேன் சால்மனும் எலிகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: இரத்த உறைவை அதே போலத் தடுக்கும் வேறு இரண்டு மருந்துகள் கருவைக் காப்பாற்றவில்லை, ஹெப்பாரின் காப்பாற்றியது. வேறுபாடு என்னவென்றால், நோயெதிர்ப்பின் ஒரு பகுதியான, காம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதங்களின் தாக்குதலை ஹெப்பாரின் தணிக்கிறது. அழற்சிதான் உண்மையான எதிரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆகவே, சகோதரி, உங்களுக்குச் செய்யப்பட வேண்டிய முதல் நோயெதிர்ப்புச் சோதனை இதுதான். லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரதம் என்று மூன்று பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வாரத்துக்குப் பின் காரணம் தெரியாத ஓர் இழப்பு இருந்தாலே இந்தச் சோதனை நியாயமானது. இரண்டு இழப்புகளுக்குப் பிறகு செய்யலாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. கரு கலைந்து ஆறு வாரமாவது கழித்துச் செய்யுங்கள். ஒரு முறை நேர்மறையாக வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மீண்டும் அதே முடிவு வந்தால்தான் நோய் என்று கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு சாதாரணத் தொற்றுக்குப் பிறகும் இந்த எதிர்ப்பான்கள் சில வாரம் தலைகாட்டி மறைவதுண்டு.

உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட சோதனைக்கும் கரைசலுக்கும் வருகிறேன். கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்தில் உள்ள கொல்லி உயிரணுக்கள், கருப்பையில் உள்ளவற்றிலிருந்து வகையிலும் வேலையிலும் வேறானவை. அவற்றை எண்ணி, கருப்பையில் நடப்பதைச் சொல்ல முடியாது. ஏற்றப்படும் கொழுப்புக் கரைசல், உணவு உட்கொள்ள முடியாத நோயாளிகளுக்காகச் சோயா எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படுவது; அது கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் இப்படித்தான் பரிந்துரைக்கப்படுகிறது. 1997இல் வெளியான கனடா ஆய்வில், தன்னெதிர்ப்பான்கள் (சொந்த உடலுக்கு எதிரான எதிர்ப்பான்கள்) கொண்ட 202 பெண்களுக்கு ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்தபோது உயிருள்ள பிறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் குறைமாதப் பிரசவம் 12 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடாக உயர்ந்தது. இழப்பின் துயரத்தில் இருக்கும் ஒரு பெண் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வாள். அதனால்தான் சான்று இல்லாத சிகிச்சையை அவளிடம் நீட்டுவது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

‘இரத்தம் ஒத்துப்போகவில்லை’ என்ற உறவினர் பேச்சுக்கும் ஒரு மருத்துவ முன்கதை உண்டு. தம்பதியர் எச்.எல்.ஏ. குறிகளில் மிகவும் ஒத்திருந்தால் தாயின் உடல் கருவைச் சரியாக அறிந்துகொள்ளாது என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. அதற்கு மருந்தாகக் கணவனின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போட்டார்கள். 1999இல் அமெரிக்காவில் கேரல் ஓபரின் குழு முறையாகச் சோதித்தபோது, ஊசி போட்டவர்களில் 36 விழுக்காட்டினரும் போடாதவர்களில் 48 விழுக்காட்டினரும்தான் கர்ப்பத்தைத் தக்கவைத்தார்கள். சிகிச்சை உதவவில்லை, கெடுதல் செய்திருக்கவும் கூடும். அத்தை மகனை மணந்தது உங்கள் நோயெதிர்ப்பைக் குலைத்துவிடவில்லை. உறவுத் திருமணத்தில் கவனிக்க வேண்டியது, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் சேர்ந்துவிடும் வாய்ப்பு. அதை ஒரு மரபியல் ஆலோசகரிடம் அமைதியாகப் பேசலாம். கல்யாண வீட்டில் பேச வேண்டிய பொருள் அன்று.

நோயெதிர்ப்பைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டதால் ஒரு பெரிய உண்மை மறைந்துவிடக் கூடாது. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு கருச்சிதைவில் முடிகின்றன. முதல் மூன்று மாத இழப்புகளில் பாதி அல்லது அதற்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழை. பெரும்பாலும் அது கருமுட்டை உருவாகும்போதே தற்செயலாக நிகழ்வது. நோயெதிர்ப்போ, உணவோ, மாடிப்படியோ அதில் தலையிடுவதில்லை. உங்களுடைய எட்டாவது வார இழப்பு அந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டாவது இழப்பின் திசு ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தால், குரோமோசோம் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதே திசுவை நஞ்சுக்கொடி அறிந்த ஒரு நோயியல் மருத்துவர் பார்க்கும்படியும் கேளுங்கள். தாயின் பெருவிழுங்கணுக்கள் (மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு வகை) நஞ்சுக்கொடியின் நுண்கிளைகளுக்கு இடையே கூட்டமாகச் சேரும் ஓர் அரிய நிலை உண்டு. மீண்டும் மீண்டும் இழப்பை ஏற்படுத்தும் அது நுண்ணோக்கியில்தான் தெரியும், வேறெந்த இரத்தச் சோதனையிலும் தெரியாது. திசுவைத் தூக்கி எறிந்துவிட்டால் அந்தப் பதிலும் போய்விடுகிறது.

தைராய்டு, நீரிழிவு, கருப்பையின் வடிவம் ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார், அவை வழக்கமானவை. அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தக் கசிவு ஏற்பட்டால் புரொஜெஸ்டிரோன் பற்றிக் கேளுங்கள். 2019இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், கசிவும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முந்தைய இழப்புகளும் இருந்த பெண்களில், அதைப் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 57 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. முந்தைய இழப்புகள் குறைவாக இருந்தவர்களுக்குப் பயனும் குறைவாகவே இருந்தது. எதுவும் கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், இரண்டு இழப்புகளுக்குப் பிறகு அடுத்த முறை குழந்தையைக் கையில் ஏந்துவோர்தான் பெரும்பான்மை.

அன்னாசிப்பழத்தைப் பற்றி மாமியாரிடம் வாதிட வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடும் அளவு கருவைக் கலைக்காது. ஆனால் அந்தப் பேச்சுக்குள் அவருடைய துயரமும் இருக்கிறது. முடிந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்பது வேறு.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புத் தாய்மைப் புத்தகங்கள் இரண்டையும், ஸ்கேன் படங்களையும், திசு அறிக்கை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு இழப்பின்போதும் கரு எத்தனை வாரம் வளர்ந்திருந்தது என்பது அவற்றில்தான் இருக்கும், அந்த எண்தான் பல முடிவுகளைத் தீர்மானிக்கும். ஹெப்பாரினோ வேறு இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால், இரத்தம் எடுப்பவரிடம் முன்னதாகச் சொல்லுங்கள், லூப்பஸ் சோதனையின் முடிவை அது மாற்றிவிடும். முதல் சோதனை எடுத்த தேதியை எழுதி, அதிலிருந்து 12 வாரம் எண்ணி இரண்டாவது தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வந்ததும் அந்த மூன்று பெயர்களுக்கு எதிரே உள்ள எண்களை அலகுகளோடு அப்படியே எனக்கு எழுதினால், அவை எதைக் காட்டுகின்றன என்று சேர்ந்து பார்க்கலாம்.